கத்தரியும் அச்சும்

ஒட்டுத்துணிப் போர்வை என்பது ஏழை வீட்டுப் பொருள் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. கிழிந்த சேலையையும் நைந்த கைலியையும் எறிந்துவிட மனமில்லாத வீடுகளில்தான் அது பிறந்தது. வங்காளத்தில் அதனைக் காந்தா என்பர், சிந்து நாட்டில் ரல்லி, மராட்டியத்தில் கோதடி, கன்னட நாட்டில் கௌதி. பெயர்கள் பலவாயினும் செய்முறை ஏறத்தாழ ஒன்றுதான். பழந்துணிகளை அடுக்கி, மேலே துண்டுகளைப் பரப்பி, ஓட்டுத் தையலால் அனைத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிட வேண்டும். பாரமகால் என்று முன்னாளில் வழங்கப்பட்ட நம் தருமபுரிச் சீமையில், மார்கழிப் பனி மலைகளிலிருந்து இறங்கி வரும் இரவுகளில் அந்தப் போர்வையின் அருமை தெரியும்.

நம் நன்னிமா தைத்த போர்வை ஒன்று நீண்ட நாள் நம் வீட்டில் இருந்தது. கைலி என்பது எப்போதும் நடுவில்தான் நையும். கரையோரம் புதிது போலவே நிற்கும். நன்னிமா அந்த நைந்த பகுதியைச் சுற்றிக் கத்தரியை ஓட்டி, உரமுள்ள துணியை மட்டும் பிரித்தெடுப்பார். அளவு டேப்பும் இல்லை, சாக்கட்டியும் இல்லை. துணி எந்த வடிவத்தில் கிடைத்ததோ அந்த வடிவத்துக்கேற்பப் போர்வை வளரும். ஒரு போர்வையைப் போல் மற்றொன்று இருந்ததே கிடையாது. இருக்க வேண்டுமென்று எவரும் கேட்டதுமில்லை.

இன்று அப்படிக் கேட்கிறார்கள். அதனால் எழுந்த ஒரு சிக்கலைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அரூரில் நம் தமக்கை மகளும் அவளோடு நான்கு பெண்களும் சேர்ந்து சில ஆண்டுகளாக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து விற்று வருகிறார்கள். மகளிர் குழுவாக அமைந்து, வங்கியில் கணக்குத் திறந்து, தீர்மானப் புத்தகம் எழுதி முறையாக நடத்துகிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழகத்தில் அரசு ஆதரவுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கே நடப்பட்ட அந்தக் கன்று பின்னர் மாநிலம் முழுவதும் படர்ந்தது. மற்ற மாவட்டத்தார் கேள்விப்படுவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் பழகியவர்கள் நம் பெண்கள்.

உள்ளூர்த் தையற்கடைகளில் மிஞ்சும் ரவிக்கைத் துண்டுகளும் சுடிதார்த் துண்டுகளும்தாம் குழுவுக்கு மூலப்பொருள். மூவர் தைக்கிறார்கள். ஒருத்தி விற்பனையையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறாள். ஐந்தாமவர் வயது முதிர்ந்த விதவை. எல்லாரும் அவரை மாமி என்றே அழைப்பதால் நாமும் அப்படியே குறிப்பிடுவோம். ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு அவருக்குப் பார்வை இல்லை. ஆனால் ஒரு கூடைத் துண்டுகளைக் கொட்டினால், எந்தத் துண்டில் எத்தனை கட்டம் தேறும் என்பதைப் புரட்டிப் பாராமலே சொல்லிவிடுவார். வெட்டு முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு போர்வையில் கிடைக்கும் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்கு வேறு வருவாய் இல்லை.

இந்நிலையில் பெங்களூரில் குழந்தைத் துணிகள் விற்கும் ஒரு கடைக்காரர் நாற்பது தொட்டிற் போர்வைகள் கேட்டார். 36 அங்குலச் சதுரம். நாற்பதும் ஒரே மாதிரி. ஒரே மூன்று நிறங்கள். கட்டங்கள் நேர்கோட்டில் நிற்க வேண்டும். குழுவுக்கு அதுவரை வந்ததில் இதுவே பெரிய வேலை. அதே வாரத்தில்தான் துணிவெட்டும் அச்சு இயந்திரம் என்று ஒன்று உண்டென்பது தமக்கை மகளின் செவிக்கு எட்டியது.

“மாமா, முப்பது வருசம் ஜவுளிக்கடையில் கஜக்கோல் பிடித்தவர் நீங்கள். கடன் வாங்கி அந்த மெஷினை எடுத்தால் கட்டுப்படியாகுமா? நீங்களே சொல்லுங்கள்” என்றாள்.

அந்த இயந்திரம் எப்படிப்பட்டது என்பதை வாசக அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஒரு பலகையில் கூரான எஃகுத் தகடுகளை வேண்டிய வடிவத்தில் பதித்திருப்பார்கள். அதுவே அச்சு, தொழிலில் டை என்பார்கள். தகடுகளைச் சுற்றி நுரை ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். கை படாமல் காப்பதும், வெட்டிய துணியைத் தகட்டிலிருந்து தள்ளிவிடுவதும் அதன் வேலை. துணியை மடித்து அச்சின் மேல் பரப்பி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பாயை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியால் சுற்றி அனுப்பினால் கரும்பு ஆலையில் நுழைந்தது போல ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வரும். துணி வெட்டுப்பட்டிருக்கும். அவ்வளவுதான். அமெரிக்காவில் போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெண்கள் ஏராளம். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருள்கத்தியைக் கொண்டுவந்தபோது அவர்கள் கத்தரியை ஏறக்குறைய மறந்தார்கள். 2009இல் அக்யுகுவில்ட் என்னும் நிறுவனம் ‘கோ’ என்ற பெயரில் வீட்டு மேசைக்கேற்ற அச்சு இயந்திரத்தை விற்கத் தொடங்கியபின் பலர் உருள்கத்தியையும் குறைத்துக்கொண்டார்கள். பருத்தித் துணியானால் ஆறு மடிப்பு வரை ஒரே சுற்றில் வெட்டும். விலை சில நூறு டாலர். அச்சுகளுக்குத் தனி விலை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வோர் அளவுக்கும் வேறு வேறு அச்சு வேண்டும். பாயும் தேயும், மாற்ற வேண்டும். சுங்கமும் கப்பற்கூலியும் சேர்ந்தால் நம் ஊரில் ஒரு நல்ல பவர் தையல் இயந்திரம் வாங்கும் தொகையை அது எட்டிவிடும்.

இயந்திரம் என்றதும் எதிர்ப்புக் கொடி பிடிப்பது நம் வழக்கமன்று. காந்தியடிகளே 1924இல் இராமச்சந்திரன் என்னும் மாணவருடன் நிகழ்ந்த உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்டு இரங்கிய ஒருவரின் அன்பில் விளைந்தது அது என்பது அவர் கொண்ட கருத்து. இயந்திரத்தை அன்று, இயந்திர வெறியையே தாம் எதிர்ப்பதாக அவர் விளக்கினார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் அச்சு இயந்திரத்துக்கும் வழிவிடத்தான் வேண்டும். மாமியின் வலக்கைக் கட்டைவிரலடி வீங்கியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நாளெல்லாம் கத்தரி பிடித்த தையற்காரர்கள் பலருக்கும் அந்த வலி உண்டு. இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். காலையில் மறுபடியும் கத்தரியை எடுப்பார்.

ஆகவே கணக்குப் போட உட்கார்ந்தோம். தைத்து முடிந்தபின் நான்கு அங்குலம் நிற்க வேண்டிய கட்டத்தை, சுற்றிலும் கால் அங்குலம் தையல் ஓரம் விட்டு நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஒரு தொட்டிற் போர்வைக்கு ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம். நாற்பதுக்கு 3,240. ஒரு பலகையில் நான்கு கட்டம் இருந்து, ஆறு மடிப்பு வைத்தால் ஒரு சுற்றுக்கு 24 துண்டு. 135 முறை கைப்பிடியைச் சுற்றினால் முடிந்தது. மாமி நான்கு மடிப்பாக வைத்து வெட்டினாலும் 810 தடவை குறியிட்டு 810 தடவை கத்தரியைச் சுற்றிவர வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை வழக்காடுவதற்கே இடமில்லை.

அளவுத் திருத்தத்திலும் அச்சே முன் நிற்கிறது. கத்தரியில் நான்கு மடிப்பை வெட்டும்போது அடிமடிப்பு சற்றே நகரும். அரை நூல் பிசகினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். ஒரு வரிசையில் ஒன்பது கட்டமும் அரை நூல் வீதம் ஒரே பக்கம் பிசகினால் முடிவில் நாலரை நூல். அரை அங்குலத்துக்கும் மேல். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இதை அதனோடு எப்படிப் பொருத்துவது? இழுத்துத் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்த போர்வை முதல் சலவையிலேயே கோணும். முக்கோணத் துண்டுகளில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. முக்கோணத்தின் ஒரு பக்கம் கட்டாயம் கிராஸில் வந்துவிடும்; ஊடையும் பாவும் பிடிப்பு விட்ட அந்த விளிம்பு கை பட்டாலே நீளும். அச்சில் வெட்டும் முக்கோணங்களின் கூர்முனைகளை முன்னதாகவே கிள்ளி விட்டிருப்பார்கள். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முனைகள் தாமே பொருந்திக்கொள்ளும். யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: பாவு நூல் உருளை ஓடும் திசையிலேயே இருக்குமாறு துணியை வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் உருளை துணியை இழுத்து, சதுரம் சதுரமாக வராது.

இவ்வளவும் இயந்திரத்தின் பக்கம். இனித் துணியின் பக்கம் வருவோம்.

ஜவுளிக்காரன் புத்தி கழிவைத்தான் முதலில் பார்க்கும். 44 அங்குலப் பன்னாவுள்ள துணியில் நாலரை அங்குலம் வீதம் கத்தரியால் ஒரு வரிசைக்கு ஒன்பது கட்டம் எடுக்கலாம். 3,240 கட்டத்துக்கு 360 வரிசை. நாலரை அங்குலம் வீதம் சரியாக 45 கஜம். பன்னாவில் மிஞ்சும் மூன்றரை அங்குலம் நீளப்பட்டையாக நிற்கும். போர்வைக்குக் கரை கட்ட உதவும். அச்சுப் பலகையிலோ தகட்டுக்கு வெளியேயும் துணி சற்று நீண்டிருக்க வேண்டும். கட்டத்தைச் சுற்றிக் கால் அங்குலம் கழிகிறதென்று கொள்வோம். ஒரு கட்டத்துக்கு ஐந்து அங்குலம்; பன்னாவில் எட்டுக் கட்டந்தான் வரும். 405 வரிசை, ஐந்து அங்குலம் வீதம் 56¼ கஜம். ஆக 11¼ கஜம் கூடுதல். மிஞ்சுவதில் ஓரத்துப் பட்டை போக மற்றதெல்லாம் சல்லடை போன்ற வலைத்துணி. தலையணைக்குள் திணிக்கத்தான் ஆகும்.

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அச்சுப் பலகை முழுத்துணியைக் கேட்கிறது. தையற்கடைத் துண்டு என்பது கைக்குழியின் வளைவும் கழுத்தின் வளைவும் போக மிஞ்சியது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் வால். அதை நான்கு கட்டப் பலகையின் மேல் பரப்பினால் ஒரு கட்டம் நிறையும், இரண்டாவது பாதி நிற்கும், மற்றவை வெறுமை. ஆகவே இயந்திரம் வாங்கிய மறுநாளே குழு கடைக்குச் சென்று முழுத்துணி வாங்கத் தொடங்கும். முழுத்துணியைச் சிறு துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளை மறுபடி இணைத்து முழுத்துணியாக்குவதைக் கண்டால் நன்னிமா என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உண்டு. அப்பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வளரும். பழந்துணி எந்த வடிவில் கிடைத்ததோ அந்த வடிவிலேயே ஏறும். நான்கு மூலைகளிலும் மடித்து வைத்த சிறு துணிப் பூக்கள் இருக்க வேண்டும். பூவில்லாத போர்வை நிறைவு பெறாதது என்பது அவர்கள் முறை. அந்த வேலையில் அச்சுக்கு எங்கே இடம்? முதல் துண்டு கையில் வந்தபின்தானே இரண்டாம் துண்டின் வடிவம் தெரியும்.

அதற்காக ஒரே மாதிரி வேண்டுமென்று கேட்பவரைக் குறைகூறிப் பயனில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டி என்னும் பகுதியில், 1966இல் கறுப்பினப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். வாக்காளராகப் பதிந்ததற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்கள் வாழ்ந்த பகுதி அது. 1972இல் சியர்ஸ் என்னும் பெருங்கடை அவர்களிடம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலையைக் கொடுத்தது. கடை கேட்ட அளவு, கடை கேட்ட நிறம். ஒன்று போலவே அனைத்தும். கைக்கலை வல்ல பெண்களுக்கு அது அலுப்பான வேலைதான். ஆனால் மாதா மாதம் பணம் வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் மனம்போலப் போர்வைகள் தைத்தார்கள். பக்கத்திலுள்ள ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டன. 2006இல் அஞ்சல் தலைகளிலும் ஏறின. அவற்றுள் கார்டுராய் போர்வைகளும் உண்டு. கூலிக்கு ஒன்றும் உள்ளத்துக்கு ஒன்றுமாக ஒரே வீட்டில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. நம் அரூர்ப் பெண்களுக்கும் அது இயலாததன்று என்று நமக்குத் தோன்றியது.

கை பழகிய வித்தை ஒரு தலைமுறை விட்டுவிட்டால் திரும்புவது அரிது என்பதற்கு நாம் அலபாமா வரை போக வேண்டியதில்லை. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் தாண்டாக்களில் வாழ்கிறார்கள். பெண்கள் தம் பழைய உடையை விட்டுச் சேலைக்கு மாறியபோது, அந்த உடையோடு பிறந்த பூத்தையலும் கைவிட்டுப் போயிற்று. மிகச் சில மூதாட்டியரின் விரல்களில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. 2006ஆம் ஆண்டளவில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே மருத்துவமனை நடத்திவரும் மருத்துவர் லலிதா ரெஜியின் தூண்டுதலால் அம்மூதாட்டியர் இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அமைப்புக்குப் போர்கை என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். அந்த மூதாட்டியரும் மறைந்த பிறகு யாரேனும் தேடி வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

மாமியின் கண் அப்படிப்பட்ட ஒன்று. விலைச்சீட்டு ஒட்டாத சொத்து. அதைக் கணக்கில் சேர்க்காமல் இயந்திரத்தின் விலையை மட்டும் எதிரே வைத்துக் கழித்துக் கூட்டுவது நமக்கு நியாயமாகப்படவில்லை. அவர் விரல் வலியைக் கணக்கில் சேர்க்காமல், பழமை வாழ்க என்று முழங்குவதும் நியாயமன்று.

இந்த இருதலைச் சிக்கலுக்கு விடை வாணியம்பாடியில் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓரளவு எதிர்பார்த்தே தமக்கை மகளை அழைத்துக்கொண்டு ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகப் பேருந்து ஏறினோம். ஏனெனில் அச்சு வைத்து வெட்டுவது அமெரிக்கப் பெண்களுக்குத்தான் புதுமை, நம்மவருக்கு அன்று. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் காலணித் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்களுக்கு டை என்பது அன்றாடச் சொல். செருப்பின் மேற்பாகமான அப்பரைத் தோலிலிருந்து வெட்ட எஃகுப் பட்டையை வளைத்து ஒட்டிய அச்சுகளைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். கிளிக்கிங் மெஷின் என்னும் அழுத்த இயந்திரம் மேலிருந்து அமுக்க, துண்டு கழன்று வரும். காலணிக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியையும் அதே முறையில் பல மடிப்பாக வெட்டுகிறார்கள். துணிவெட்டும் அச்சு நமக்கு இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவிலேயே இருந்திருக்கிறது!

அங்கே நம் உறவினர் ஒருவர் அப்பர் வெட்டும் ஜாப் ஒர்க் செய்கிறார். அவர் பட்டறையில் ஒருவர் வேலை செய்வதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்டுத்தோல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். முதுகுப்புறம் உறுதி; வயிற்றுப்புறம் இழுபடும்; இடையிடையே முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த துளை. வெட்டுகிறவர் தோலை விளக்கொளியில் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். பிறகு அச்சைக் கையால் எடுத்து, தழும்பை விலக்கி, இழுவைத் திசை பார்த்து, முன் வெட்டிய இடத்தை ஒட்டி நூலிழை இடைவெளியில் வைக்கிறார். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அமுக்கினால்தான் இயந்திரம் இறங்கும். விரலைக் காக்கும் ஏற்பாடு அது. அடுத்த அச்சைத் தலைகீழாகத் திருப்பி, முன்னதன் இடுக்கில் நுழைக்கிறார். தோலில் மிஞ்சியது சுண்டுவிரல் அளவுச் சிம்புகள்தாம்.

“மச்சான், இங்கே இயந்திரத்தை அமுக்கத் தெரிந்தவனுக்குக் கூலி இல்லை, எங்கே வைக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் கூலி” என்றார் உறவினர்.

நாம் தேடிவந்தது அதுதான். பலகையில் பதித்த அச்சின்மேல் துணியை வைப்பது ஒரு முறை. துணியின்மேல் அச்சை வைப்பது வேறொரு முறை. முன்னதில் துணி அச்சுக்கு அடங்க வேண்டும். பின்னதில் அச்சு துணியைத் தேடிச் செல்கிறது. தையற்கடைத் துண்டு ஆட்டுத்தோலைப் போன்றதே. வால் நீண்ட ரவிக்கைத் துண்டில் ஒற்றைக் கட்ட அச்சை எங்கே வைத்தால் இரண்டு கட்டம் தேறும் என்று பார்க்கக் கண் வேண்டும். விரலில் வலு வேண்டியதில்லை. அந்தக் கண் மாமியிடம் இருக்கிறது!

தமக்கை மகள் இதை நாம் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டாள். நாலரை அங்குல ஒற்றைக் கட்டத்துக்கு ஓர் அச்சு செய்ய என்ன ஆகும் என்று அவளே விசாரித்தாள். அச்சு அடிக்கும் பட்டறை அடுத்த தெருவில். நாம் அஞ்சியதற்கு மிகக் குறைவான விலை. கிளிக்கிங் மெஷின் வீட்டுத் திண்ணையில் வைக்கும் பொருளன்று. ஆனால் ஹவாய்ச் செருப்பின் அடிப்பாகம் வெட்டுவதற்குக் குடிசைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் கை பிரஸ் ஒன்று பழையதாகக் கிடைத்தது. நெம்புகோலை இழுத்தால் அமுங்கும், மின்சாரம் வேண்டாம். ரேஷன் கைலித் துணி ஒன்றை எட்டு மடிப்பாக வைத்து அங்கேயே வெட்டிப் பார்த்தாள். எட்டாவது மடிப்பில் இரண்டு நூல் அறாமல் நின்றது. ஆறாகக் குறைத்தபோது சுத்தமாக விழுந்தது.

ஆகக் கடைசியில் முடிவு இவ்வாறு அமைந்தது. அமெரிக்க இயந்திரம் வாங்கப்படவில்லை. வங்கிக் கடனும் எடுக்கப்படவில்லை. பெங்களூர்க் கடைக்காரருக்கான முழுத்துணியை வாணியம்பாடிக்கே கொண்டுசென்று, புதிய அச்சைக் கொடுத்து, ஜாப் ஒர்க்காக வெட்டி வாங்கினார்கள். அச்சைக் கையால் நெருக்கி வைத்ததால் கழிவு நாம் பயந்த அளவுக்கு வரவில்லை. கத்தரிக் கணக்குக்கு இரண்டு கஜந்தான் கூடுதலாயிற்று. 3,240 கட்டங்களும் ஒரே பகலில் வெட்டி முடிந்தன. தையற்காரப் பெண்கள் முதல் வரிசையைத் தைத்துப் பார்த்துவிட்டு, மூலைகள் தாமாகவே வந்து சேருகின்றன என்று வியந்தார்கள். பழைய கை பிரஸ் அரூருக்கு வந்து சேர்ந்தது. தையற்கடைத் துண்டுகளுக்கு இனி அதுதான்: மாமி அச்சை வைப்பார், இளையவள் ஒருத்தி நெம்புகோலை இழுப்பாள்.

இவ்வளவோடு எல்லாம் நலமே முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். கூலிப் பங்கில்தான் முடிச்சு விழுந்தது. நாற்பது போர்வைகளுக்கான வெட்டுக்கூலி வாணியம்பாடிக்குப் போய்விட்டதே, மாமிக்கு எதற்காகப் பங்கு என்று இருவர் கேட்டார்கள். கேட்டவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நிறம் பிரித்து வரிசை கூட்டிக் கொடுத்தது மாமிதானே என்றாள் நம் தமக்கை மகள். அதற்கு ஐந்தில் ஒரு பங்கா என்று மறுகேள்வி. ஒருநாள் மாலை முழுவதும் பேச்சு நடந்தது. மாமி ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “பாதி கொடுங்கள், போதும்” என்றார். அது விட்டுக்கொடுத்தலா, மனக்கசப்பா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. பாதிப் பங்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

துண்டுத்துணி வேலையில் அப்படிக் குறைக்க இடமில்லை என்பதே நம் கருத்து. அதைப் பெண்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறோம். நெம்புகோலை இழுப்பவளுக்கும் ஒரு பங்கு வேண்டுமென்று இப்போது கேள்வி எழுந்திருக்கிறது. அதுவும் நியாயமாகவே படுகிறது. மாதத்துக்கு எத்தனை போர்வை கூடுதலாகத் தேறுகிறது என்பதை மூன்று மாதம் எழுதி வைத்துப் பார்த்துவிட்டுப் பிரிக்கலாம் என்று சொன்னோம்.

சென்ற வாரம் போயிருந்தபோது மாமி திண்ணையில் அமர்ந்து துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அச்சுக்கு ஆனவை ஒரு கூடையில், ஆகாதவை மடியில். யாரோ கொடுத்த பழைய கைலி ஒன்றின் கரைப்பட்டையை அகலம் குறைவென்று அச்சுக்கூடையில் போடாமல் கையில் வைத்திருந்தார். இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டோம். “இதுக்குக் கத்தரிதான் தம்பி” என்று சொல்லி, பட்டையை நீளவாட்டில் மடித்து வெட்டத் தொடங்கினார். பங்குப் பேச்சை அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.